ஞாயிற்றுக்கிழமை ஏற்றம்

'கீ...' என்று ஐஸ் பெட்டி அலறியது.

செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அமலிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்பாதான் எதற்கோ சத்தம் போடுகிறார் என்றுகூட ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்து போயிற்று. எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த டிரைவர் தேவசிகாமணி, உயிரோடு இருந்த காலத்தில் ஒருநாளும் இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

"கரண்டு போயிருச்சு" என்றார் கோயில் உபதேசியார் ஆண்டனி ராஜ், அணைந்த விளக்கை அண்ணாந்து பார்த்து.

வாசலில் ஷாமியானாவுக்குக் கீழே நின்றிருந்த ஜீவானந்தம் ஈரத் தலையோடு உள்ளே ஓடி வந்தான். பக்கத்து வீட்டுக்காரன். மலைமேல் இருக்கும் இந்த மஞ்சக்குட்டைக்கும் கீழே இருக்கும் குப்பனூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன்.

"வெள்ளக்கடைகிட்ட சில்வர் ஓக்கு மரம் கம்பி மேல சாஞ்சிருச்சாமாங்க்கா. லைன்மேன் இப்பத்தான் கெளம்புறானாமா. சாயங்காலம் ஆயிரும்."

"அது கெடக்குது. மொதல்ல இந்தப் பேய நிறுத்துடா சாமி" என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் அதட்டியது. வீராயி. குப்பனூர்ப் பாதையில் ஒரு வளைவில் வீடும் கொய்யாத் தோட்டமும் வைத்திருக்கும் மலைக்காரப் பெண்மணி. துக்கச் செய்தி கேட்டுக் காலையில் முதல் பஸ்ஸிலேயே ஏறி வந்துவிட்டவள். "இந்தச் சத்தத்துக்கு டிரைவரு எந்திரிச்சு ஓடியே போயிருவாரு."

சிரிக்கக் கூடாத இடத்தில் இரண்டு பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். ஜீவானந்தம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் காலடியில் இருந்த ஒரு பொத்தானை அமுக்கினான். அலறல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

கண்ணாடி மூடிக்குள் மெல்ல ஆவி படர ஆரம்பித்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். உபதேசியார்தான் தொண்டையைக் கனைத்தார்.

"அமலிம்மா... மூணு மணின்னு சொன்னோம். மத்தியானத்துக்குள்ளயே எடுத்துட்டா என்னுங்க? சாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"அண்ணன் வரோணுங்க."

"பென்னி தம்பி எங்க வர்றாப்புல?"

"அடிவாரத்துல நிக்கிறாங்களாம். பூக்கண்காட்சிக் கூட்டம். செக்போஸ்ட்டத் தாண்டி வண்டி நகரவே இல்லையாம்."

"வர்றவன் நேத்தே வந்திருக்கோணும்" என்று வாசல் பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள். அமலி காதில் விழாத மாதிரி அப்பாவின் நெற்றியைக் கண்ணாடிக்கு மேல் துடைத்தாள்.

உண்மைதான். நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், "வரக்காப்பி" என்றார் அப்பா. ஒரு சொல்லுக்கு மேல் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அமலி காப்பியோடு வந்தபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. உடனே பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பென்னி, "சரி" என்றான். பிறகு, "காலைல கெளம்பறேன்" என்றான். இருட்டுவதற்குள் வந்து சேரக்கூடிய தூரம்தான். 

ஆனால் அவன் வந்தே ஆக வேண்டும். ஊர் வாய்க்காக இல்லை. அப்பாவுக்காகக்கூட இல்லை. அம்மா இன்பமேரி போய்ப் பல வருடம் ஆகிறது. இப்போது அப்பாவும் போய்விட்டார். அப்பா ஓட்டிய அந்தப் பழைய வண்டிகளில் உட்கார்ந்து வந்தவர்களில் இனி உலகத்தில் மிச்சம் இருப்பது அவளும் பென்னியும்தான். அவன் ஒருவன்தான், 'ஆமாம், அப்படித்தான் இருந்தது' என்று அவளிடம் சொல்லக்கூடியவன். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் காத்திருந்தாள்.

"மீன்கடை பாய்கிட்ட ஐஸ் இருக்குமுங்க. ரெண்டு மூட்டை அள்ளியாந்து பெட்டிக்குள்ள அடுக்கிட்டாத் தாங்கும்" என்றான் ஜீவானந்தம்.

"மீன் நாத்தம் அடிக்காதாடா?" என்றாள் வீராயி.

"அடிக்கட்டும் ஆயா. வெள்ளிக்கெழம மீன் திங்காத மனுசனா அவரு?"

"ஜீப்புல டயரு பஞ்சருன்னு சொன்னியேப்பா" என்று ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "இந்த ஊட்டுல வண்டிக்கா பஞ்சம்? எதையாச்சும் ஒண்ண எடுத்துக்கிட்டு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். முற்றத்து ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையில் விறகும் காப்பி மூட்டைச் சாக்குகளும்தான் கிடந்தன. கண் மங்கிப்போய் அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

ஜீவானந்தம் யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு மழையில் கிளம்பினான். செபமாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அமலியின் உதடு அசைந்தது. கண் மட்டும் கொட்டகையை விட்டு வரவில்லை.

தேவசிகாமணி எஸ்டேட் டிரைவர். பகலெல்லாம் முதலாளியின் பளபளக்கும் காரை ஓட்டுவார். தனக்கென்று வாங்கியதெல்லாம் வேறு எவரும் வேண்டாம் என்று ஒதுக்கித் தள்ளிய வண்டிகள்.

முதலில் வந்தது சினிமாக் கொட்டகைக்காரர் விளம்பரத்துக்கு ஓட்டித் தேய்த்த வேன். கூரையில் ஒலிபெருக்கி மாட்டிய இரும்பு வளையம் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் பெரிய சிவப்பு எழுத்தில் 'தினசரி நான்கு காட்சிகள்'. அப்பா பச்சைப் பெயின்ட்டை எத்தனை முறை பூசினாலும், ஒரு மழைக்காலம் போதும், நான்கு காட்சிகளும் பிடிவாதமாக வெளியே வந்துவிடும். அம்மா பண்டிகைச் சேலையோடு கோயில் வாசலில் இறங்கும்போது இளவட்டங்கள் கூடி நின்று, "இன்னிக்கு என்ன படமுங்க?" என்று கேட்பார்கள். அம்மா விடமாட்டாள். "டிக்கெட்டு வாங்கிட்டுக் கேளுங்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறுவாள்.

அடுத்தது எங்கேயோ ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஆம்புலன்ஸ். சுழல் விளக்கைக் கழற்றிய இடத்தில் அம்மா மிளகாய் காயப் போடுவாள். அந்த வண்டியில் போனால் வழியில் இருக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். பள்ளிக்கூட வாசலில் நின்றால், யாருக்கு என்ன ஆயிற்று என்று வாத்தியார் ஓடி வருவார். பென்னி முந்தின திருப்பத்திலேயே இறங்கி நடந்துபோய்விடுவான். அமலி மட்டும் கடைசிவரை படுக்கை இருந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ராணி மாதிரி வந்து இறங்குவாள்.

பிறகு வந்ததுதான் அந்தக் கார்.

அதற்குப் பெயரே கிடையாது. முன்பாதி ஒரு காருடையது. பின்பாதி இன்னொன்றுடையது. ஏதோ ஒரு பட்டறையில் இரண்டையும் ஒட்டவைத்திருந்தார்கள். முன் கதவு ஒரு பக்கமாகத் திறக்கும், பின் கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். 'கோவேறு' என்று பெயர் வைத்தவன் பென்னி. கழுதையும் இல்லை, குதிரையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவேறில் குப்பனூருக்கு இறங்குவார்கள். அம்மாவின் அக்கா வீடு அங்கே. சாப்பிட்டு, படுத்து எழுந்து, பொழுது சாயத் திரும்புவார்கள். வரும் வழியில் வீராயி வீட்டு வளைவைத் தாண்டியதும் பாதை சுவர் மாதிரி எழும்பும். அந்த இடம் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்துவார்.

"ஃபர்ஸ்ட் கியர் ஏறாது" என்பார். அவ்வளவுதான்.

வண்டியை முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்புவார். மூக்கு அடிவாரத்தைப் பார்க்கும், முதுகு மலையைப் பார்க்கும். ரிவர்ஸ் கியருக்கு இழுவை ஜாஸ்தி. பின்பக்கமாகவே அந்த ஏற்றம் முழுவதையும் ஏறுவார்கள். அந்தக் காலத்தில் அந்தப் பாதையில் எதிரே வருவதற்கு மாட்டு வண்டிகூட அபூர்வம். எதிர்ப்பட்ட ஒன்றிரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொள்வாள். பென்னி சீட்டுக்குக் கீழே சரிந்துவிடுவான்.

அமலி நிமிர்ந்து உட்காருவாள். அந்த ஏற்றத்தில்தான் அவளுக்கு அப்பாவின் முகம் கிடைக்கும்.

முதலாளி வண்டி ஓட்டுகிற டிரைவர் பின்னால் திரும்பக் கூடாது. கண்ணாடியைக்கூடச் சாலை மட்டும் தெரிகிற மாதிரிதான் வைத்துக்கொள்ள வேண்டும், உட்கார்ந்திருப்பவர்களின் முகம் தெரிகிற மாதிரி வைக்கக் கூடாது. அப்பாவுக்கு அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. வீட்டிலும் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். தட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். மார்க் ஷீட்டை நீட்டினால் கையெழுத்துப் போட்டு, நீட்டிய கையிடமே திருப்பிக் கொடுப்பார். கைக்கு மேலே ஒரு முகம் இருப்பது அவருக்குத் தெரியுமா என்றே சந்தேகம் வரும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஏற்றத்தில், இடது கையை அம்மாவின் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, வலது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் திருப்பிப் பின்னால் பார்ப்பார். அவருடைய முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடது புருவத்துக்குக் கீழே ஒரு மச்சம். மேலுதட்டில் வியர்வை. முன்பல் ஒன்றில் ஒரு சின்ன உடைசல். மேடு முடிகிற வரைக்கும் அந்தக் கண்கள் அவள்மேல் இருக்கும். அதற்காகவே பெரியம்மா வீட்டிலிருந்து கிளம்பும் முன் அமலி தலையை வாரிக்கொள்வாள்.

அன்றைக்கு ராத்திரி அம்மா அப்பாவின் கழுத்தில் தைலம் தேய்ப்பாள். "இந்தக் கண்டமான வண்டிய வித்துத் தொலையுங்களேன். கழுத்து ஒருநாளைக்கு இப்பிடியே நின்னுக்கும்." அப்பா சுவரைப் பார்த்து, "ம்" என்பார்.

பென்னி படிக்கப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. கோவேறு விலைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு வந்த வண்டிகளெல்லாம் ஒழுங்காக முன்பக்கமாகவே மலை ஏறின. அமலிக்கு அப்பாவின் பிடரி மட்டும் தெரிந்தது.

ஐஸ் வந்தது. மீன் வாடையோடுதான் வந்தது. வீராயி எழுந்து போய்த் தோட்டத்திலிருந்து துளசியும் மரிக்கொழுந்தும் ஒரு கை ஒடித்து வந்து பெட்டியைச் சுற்றிப் போட்டாள். உபதேசியார் கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்கு மேல தாங்காதும்மா" என்று அவர் வாய் திறந்த நேரத்தில் முற்றத்தில் வெள்ளிநிறக் கார் ஒன்று சத்தமே இல்லாமல் வந்து நின்றது.

பென்னி இறங்கினான். தலை நரைத்திருந்தது. அமலி அவன் நடையைப் பார்த்தாள். அப்பாவேதான்.

"வாண்ணா" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் அந்தக் கையை லேசாகத் தட்டிக் கொடுத்துவிட்டு விடுவித்துக்கொண்டான். பெட்டியின் காலடியில் போய் நின்றான்.

"மொகத்தப் பாத்துக்குங்க தம்பி. சவப்பெட்டில வெச்சு மூடிரலாம்" என்றார் உபதேசியார்.

பெட்டிக்குக் கீழே ஐஸ் உருகி, தண்ணீர் தரையில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. பென்னி அதையே பார்த்தான். அது ஓடி வாசற்படியைத் தொடுகிற வரைக்கும் பார்த்தான்.

"மூடுங்க" என்றான்.

அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பது அமலிக்கு மட்டும்தான் தெரியும்.

மழை விட்ட இடைவெளியில் எடுத்துக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டம் சரிவில் இருந்தது. சேற்றில் கால் வழுக்கியது. ஜீவானந்தம் முன்னால் போய் ஒவ்வொரு அடிக்கும், "பாத்து... பாத்துங்க..." என்றான். சாமியார் சீக்கிரமாகவே செபத்தை முடித்துக்கொண்டார். பென்னி எல்லோரையும் போல ஒரு பிடி மண் போட்டான். பிறகு ஒதுங்கிப் போய், காரிலிருந்து எடுத்து வந்த பாட்டில் தண்ணீரில் விரல் விரலாகக் கையைக் கழுவினான்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி போயிருந்தது. அது இருந்த இடம் மட்டும் ஈரமாக, நீளமாகத் தெரிந்தது. ஜீவானந்தத்தின் மனைவி டீயும் வறுக்கியும் கொண்டுவந்து அடுப்பங்கரையில் வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு டம்ளரோடு நின்றார்கள். உட்காரத் தோன்றவில்லை.

"இன்னிக்கு ஒருநா இருண்ணா. காலைல பூசை வெச்சிருக்குது."

"ஆபீஸ் இருக்கு அமலி."

"மூணாம் நாளு கல்லறைக்குப் போகோணும். அதுக்காச்சும்..."

"நீ பாத்துக்கோ." டீயை ஊதினான். "ஊட்டையும் நீயே வெச்சுக்கோ. எங்க கையெழுத்து வேணுமோ சொல்லு, போட்டுத் தர்றேன். நான் இனிமே மேல ஏறி வர்றதா இல்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இந்த ஊரில் நிற்காது என்று கண்டக்டர் சொல்கிற மாதிரி சொன்னான். அமலி வறுக்கியை உடைத்தாள். உடைத்த பாதியை மறுபடி உடைத்தாள். இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் இல்லை.

"ஏண்ணா, கோவேறு ஞாபகம் இருக்குதா?"

பென்னியின் உதட்டோரம் ஒரு பக்கம் ஏறியது. வந்ததிலிருந்து அவன் முகத்தில் அசைந்தது அது ஒன்றுதான்.

"மறக்குமா? ஸ்கூல்ல என்னைய 'ரிவர்ஸு, ரிவர்ஸு'ன்னுதானே கூப்புட்டானுங்க. பத்தாவது பரீட்சை ஹால் டிக்கெட்டுலகூட அந்தப் பேரத்தான் போடப்போறாங்கன்னு பயந்துட்டேன்."

அமலி சிரித்துவிட்டாள். சத்தமாகவே சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. தைரியம் வந்தது.

"அப்பா மொகத்த நான் நல்லாப் பாத்ததே அதுலதாண்ணா. வேற எப்ப நம்ம பக்கம் திரும்புனாரு? அந்த ஏத்தம் முச்சூடும் நம்மளயே பாத்துக்கிட்டு வருவாரே. இல்லையாண்ணா?"

பென்னி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நம்மளயா பாத்தாரு?"

"பின்ன?"

"பின்கண்ணாடி வழியா ரோட்டப் பாத்தாரு. நாம நடுவால உக்காந்திருந்தோம். அவ்வளவுதான்."

வெளியே ஷாமியானாக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது.

"காலேஜுக்குப் போறப்ப சேலம் பஸ் ஸ்டாண்டுல என்னைய எறக்கிவிட்டாரே" என்றான் பென்னி. குரல் தாழ்ந்திருந்தது. "பெட்டியத் தூக்கிக் குடுத்தாரு. வண்டில ஏறுனாரு. நான் அங்கயே நின்னேன் அமலி. ஒருக்காத் திரும்புவாரு, கையக்கியக் காட்டுவாருன்னு நின்னேன். வண்டி ரவுண்டானாவத் தாண்டி மறையுற வரைக்கும் நின்னேன். அந்தக் கழுத்து திரும்பவே இல்ல."

"டிரைவருங்க திரும்ப மாட்டாங்கண்ணா."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவன் முகம் கழுவப் போனான். அமலி அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்யாணம் கூடி வராமலே வயது போய்விட்டது. மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்தால், மாலையிலிருந்து மறுநாள் காலைவரை இந்த வீட்டில் பேசாத மனிதர் ஒருவரோடு இருக்க வேண்டும். இத்தனை வருடம் இருந்தாள். சுவரைப் பார்த்து அவர் சொன்ன "ம்"களை வைத்துக்கொண்டு இருந்தாள். அது பற்றாத நாட்களில், அந்த ஏற்றத்து முகத்தை எடுத்து மனசுக்குள் வைத்துக்கொள்வாள். மச்சம், வியர்வை, உடைந்த பல், தன்மேல் நிலைத்த கண்கள். அது போதும், இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும்.

இப்போது கண்ணை மூடி அதை வரவழைத்துப் பார்த்தாள். மச்சம் இருந்தது. பல் இருந்தது. கண்கள் மட்டும் அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. எப்படி முயன்றும் அவற்றைக் கீழே இறக்க முடியவில்லை.

பென்னி கிளம்பும்போது வீராயி காரை வந்து தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, இறங்குற வண்டியெல்லாம் குப்பனூர்ப் பக்கம் திருப்பி உடுறாங்களாமா? என்னைய என் ஊட்டுக்கிட்ட எறக்கி உட்டுருங்களேன். பஸ்ஸு எப்ப வருமோ."

"ஏறுங்க."

"நானும் அந்த வளைவு வரைக்கும் வர்றேண்ணா" என்றாள் அமலி. எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வெறும் வீட்டுக்குள் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று இருக்கலாம்.

"திரும்பி எப்பிடி வருவ?"

"நான் டயர மாத்தி ஜீப்ப எடுத்துட்டு குப்பனூருக்குத்தான் போறேன். ஏறி வர்றப்பக் கூட்டியாந்தர்றனுங்க" என்றான் ஜீவானந்தம்.

முன்னால் உட்கார வீராயி ஒப்பவில்லை. தனியாகப் பின்னால் உட்காரவும் கூச்சப்பட்டாள். அமலியும் அவளோடு பின்சீட்டில் ஏறினாள். ஏரிக்கரைத் திருப்பத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியைக் குப்பனூர்ப் பாதையில் திருப்பிவிட்டார். மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. சில்வர் ஓக்குகள் இடுப்புவரைதான் தெரிந்தன.

 பென்னியின் பிடரி மட்டும் அமலிக்குத் தெரிந்தது.

வீராயியால் அதிக நேரம் சும்மா இருக்க முடியவில்லை.

"கதவு, சன்னலு எல்லாம் சாத்திக்கெடக்குது, உள்ளாற எங்கிருந்து குளுருது?"

"ஏசிங்க ஆயா. நிறுத்தட்டுமா?"

"இருக்கட்டும், இருக்கட்டும். இதையும் அனுபவிச்சுட்டுப் போறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "நொம்ப நல்ல மனுசன் டிரைவரு" என்றாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டாரு. ஆனா எம்மூட்டுக்காரருக்குப் பாம்பு கடிச்சப்ப அந்த ஆம்புலன்சுல போட்டு எடுத்துக்கிட்டுப் பறந்தாரு பாருங்க... அப்பவும் பேசல. பொழச்சு வந்தப்புறமும் பேசல. நல்லா இருக்கியான்னுகூடக் கேக்கல."

"ஆமா, கேக்க மாட்டாரு" என்றான் பென்னி.

பாதை இறங்கி இறங்கி, செங்குத்தான சரிவு முடிகிற இடத்துக்கு வந்தது. கொய்யாத் தோட்டமும் ஓட்டு வீடும் தெரிந்தன. வீராயி, "இங்கதான் சாமி" என்றாள். பென்னி ஓரம்கட்டினான். அமலியும் அவளோடு இறங்கினாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பென்னி கண்ணாடியை இறக்கி, விடைபெறுவதற்காகக் காத்திருந்தான். அவன் கையைத் தொடலாமா என்று அமலி யோசித்தாள். தொடவில்லை.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுண்ணா."

"ம்."

வீராயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இறங்கி வந்த சரிவை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த மேட்டுலதானே கண்ணு உங்கப்பன் அந்தக் கூத்து நடத்துவாரு? ஞாயித்துக்கெழம பொழுதானா நாங்கெல்லாம் வேலைய உட்டுட்டு வந்து நின்னுக்குவோம். 'டிரைவரு குண்டி காட்டிக்கிட்டு ஏறுறாருடி'ன்னு எம்மாமியாக்காரி கத்துவா."

"ஃபர்ஸ்ட் கியரு ஏறாதுங்க ஆயா" என்றாள் அமலி. சொல்லும்போதே களைப்பாக இருந்தது. "வேற வழியில்லாம அப்பிடி ஏத்துனாரு."

பென்னி கியரைப் போட்டான்.

வீராயி அவளை விநோதமாகப் பார்த்தாள்.

"ஆரு சொன்னா ஏறாதுன்னு? புதங்கெழமயானா அடிவாரத்துச் சந்தையிலருந்து மூட்டையும் முடிச்சுமா தனியா வருவாரு, அதே வண்டி, இதே மேடு, மொகத்த முன்னால வெச்சுக்கிட்டுக் குடுகுடுன்னு ஏறிப் போயிருவாரே! நீங்க ரெண்டு பேரும் பின்னால உக்காந்திருந்தாத்தான் கண்ணு, வண்டியத் திருப்பிக்குவாரு."